கண் எழுதும் நாள்

பதினோரு நாளாக இஸ்திரிக்காரிக்குக் கண் இல்லை. மூக்கு, காது, கையில் பெட்டி, பக்கத்தில் தள்ளுவண்டி எல்லாம் சுவரில் அச்சு அசலாக வந்துவிட்டன. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளை.

நகராட்சி சொல்லி, அந்த நீளச் சுவரில் தெருவையே பழைய பாணியில் வரைந்துகொண்டிருந்தான் ஓவியன். சாவிக்காரர், செருப்புத் தைப்பவர், அவள். மூவருக்குமே கண் இல்லை.

"போன வாரம் என் சட்டையைக் கருக்கினப்பவே உன் கண்ணு மேல சந்தேகம்தான்," என்றார் சாவிக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. "மூணு தெருவுல இருந்து என்னை வெரட்டியிருக்காங்கண்ணே. இப்ப அவங்களே என்னைச் சுவத்துல வரையச் சொல்லியிருக்காங்க. இனி எவனாவது இது உன் இடமான்னு கேக்கட்டும், சுவத்தைக் காட்டிடுவேன். அதுக்கு மூஞ்சி முழுசா இருக்க வேணாமா?"

ஓவியன் பக்கம் திரும்பினாள். "தம்பி, எப்பதான் கண்ணு எழுதுவ?"

"எங்க வழக்கம் அப்படிக்கா. ஆள் அந்த இடத்துல இருக்கற வரைக்கும் கண்ணு எழுத மாட்டோம். போனப்புறம்தான். அதுக்கப்புறம் இடத்தைப் படம் பாத்துக்கும்."

"தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போறேனே?"

"அந்தப் போறது இல்லக்கா."

"செத்தாத்தான் கண்ணு போல," என்றபடி சாவிக்காரர் அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலை, பெட்டியில் கரி போட்டு அவள் ஊதிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். அவள் வாங்கி வைத்திருந்த டீயைத் தொடவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்துச் சாவிக்காரருக்குக் கண் எழுதினான். செருப்புத் தைப்பவருக்கு எழுதினான். கடைசியாக அவளுக்கு.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சுவரிலிருந்து அவளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே உயிரோட இருக்கு தம்பி. வழக்கம் அது இதுன்னு என்னா பிகு பண்ணின. இப்ப நான் எதிர்லயேதான நிக்கறேன்?"

அவன் திரும்பவில்லை. சுத்தமாகிவிட்ட தூரிகையைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் கழுவினான்.

"பத்து மணிக்கு நகராட்சி லாரி வருதுக்கா, அதுக்குள்ள வண்டியைத் தள்ளிட்டுப் போயிருங்க."