மறதிக்கு எத்தனை காரணம்?

"போனை இப்படிக் குடுங்க, சாமி." மதுமதி கையை நீட்டினாள்.

ஜெகதீஸ்வரனின் மடியில் விரித்த புத்தகம். புத்தகத்துக்குள் போன். போனுக்குள் ஒரு குரங்கு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு ரீல்ஸ்தானுங்க சாமி..."

"படிக்கிறப்ப போன் அந்த ரூமுலயே இருக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?" போன் பறிபோய் பிரிட்ஜ் மேல் ஏறியது.

அடுத்து புத்தகத்தைப் பார்த்த மதுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "முக்கியமானதுக்கு மட்டும் மார்க்கர் போடச் சொன்னா, மாரியாத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி பக்கம் பூரா ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"எல்லாமே முக்கியமாத் தெரிஞ்சுதுங்க."

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜோதி எட்டிப் பார்த்தாள். "ரொம்ப அதட்டாத, மதுமதி. கண்ணுல தண்ணி வந்துட்டா அப்புறம் நாந்தான் சமாதானம் பண்ணோணும்."

"நீங்க செல்லங் குடுத்துத்தான் இப்படி. போன வாட்டி கோட்டை உட்டாச்சு. இந்த வாட்டியும் போச்சுன்னா, சென்றாயன் மாமன் லாரிப் பட்டறையில பெயிண்ட் டப்பா தூக்க வேண்டியதுதான்."

ஜெகதீஸ்வரனின் முகம் வெளுத்தது. அந்தப் பயம்தான் சில வாரங்களாகத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. தரையில் சம்மணம் போட்டதில் முட்டி வேறு விண்விண்ணென்று வலித்தது.

மதுமதிக்குப் பாவமாகப் போயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. புஸ்தகத்தைப் பாத்து அப்படியே எழுதுனா அது நோட்ஸ் இல்லீங்க, ஜெராக்ஸ். ஒரு பத்தி படிங்க. மூடுங்க. மனசுல நின்னதை உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க. ஓரத்துல அதுக்கு ஒரு கேள்வியும் போட்டு வெச்சா, நாளைக்கு உங்களை நீங்களே கேட்டுக்கலாம்."

புத்தகம் மூடிக்கொண்டது. பேனா தயங்கித் தயங்கி ஓடியது.

"இப்பச் சொல்லுங்க. படிச்சது எதனால மறந்து போவுது?"

ஜெகதீஸ்வரனின் பார்வை மின்விசிறிக்குப் போனது. "திரும்ப எடுத்துப் பாக்காததால ஒண்ணு. புதுசாப் படிக்கிறது பழசைத் தள்ளி உட்டுர்றதால ஒண்ணு. அப்புறம்..."

"அப்புறம்?"

"மறந்து போச்சுங்க."

மதுமதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பரவால்லீங்க. சொந்தமாச் சொல்றீங்க. தேறிருவீங்க."

ஜோதி இரண்டு டிபன் பாக்ஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள். "நேரமாச்சு. ரெண்டு பேரும் கெளம்புங்க."

மதுமதி எழுந்தாள். குரலில் அதுவரை இருந்த அதட்டல் காணாமல் போயிருந்தது. கொஞ்சம் குழைந்துகொண்டே சொன்னாள்:

"அப்பா, வேலை நெலைக்கறதுக்கு நீங்க எழுதற வாத்தியார் தகுதித் தேர்வு முடியற வரைக்கும் கிளாஸ்ல என்னைய எழுப்பிக் கேள்வி கேக்காதீங்க. நேத்து நீங்க குடுத்த ஹோம்வொர்க்கை நான் செய்யலீங்க, சார்!"