அட்டையைப் பார்த்தாலே தெரியும்

“பைபிளுக்கு அடியில இதை யார் வச்சது?”

ராஜசிங் வாத்தியாரின் கையில் சிறுவர் மாதப் பத்திரிகை ஒன்று இருந்தது. அட்டையில் ஒற்றைக்கண் மந்திரவாதி ஒருவன் மண்டையோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளித்தான்.

பத்து வயது மகள் சுகிர்தம் கால் விரலால் தரையைக் கீறினாள்.

வாத்தியார் வீட்டில் டூரிங் டாக்கீஸ் என்று வாய்தவறிச் சொன்னாலே பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் மனப்பாடம் செய்தாக வேண்டும். பேய் பிசாசெல்லாம் பைபிளுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே வரக்கூடாது என்பது அவர் கட்சி.

“வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“எனக்கில்லப்பா. அம்மாவுக்கு. மறந்து வச்சுட்டுப் போயிட்டாக. மத்தியானம் சாப்பாட்டோட கொண்டு வரச் சொன்னாக.”

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மனைவி ஜெபராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவளே அவள்தான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

“நீ போயி ஒரு குடம் தண்ணி பிடிச்சுட்டு வா” என்றார்.

குழாயடியில் நல்ல கூட்டம். சுகிர்தம் குடத்தோடு திரும்பி வந்தபோது பத்திரிகை அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

“ஐயோ! அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“அதை நான் சொல்லிக்கிறேன்.”

“அதுல என்னப்பா தப்பா இருந்துச்சு?”

“நான் ஒரு வரி படிக்கலை. படிக்கவும் வேண்டாம். அட்டையைப் பாத்தாலே தெரியுதே, உள்ள என்ன லட்சணம்னு!”

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. வாத்தியார் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். மத்தியானம் வரை பொறுக்க முடியவில்லை. பத்தரை மணிக்கே தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன நடக்கப்போகிறதோ என்று பயந்து சுகிர்தமும் பின்னாலேயே ஓடினாள்.

தீக்காய வார்டு வாசலிலேயே ஜெபராணி நின்றிருந்தாள்.

“நல்ல வேளை, சீக்கிரம் வந்தீக. அந்தப் புஸ்தகம் எங்கன?”

“அடுப்புல.”

“என்னது?”

“ஜெபம் பண்ற வாயால மந்திரவாதி கதையா படிக்கே? வீட்டுல ஒரு பிள்ளை வளருதுன்னு நெனப்பு வேண்டாம்?”

ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எனக்காங்க? உள்ள பாருங்க, ராக்காயின்னு தாயில்பட்டிப் பிள்ளை. எட்டு வயசு. தீபாவளிச் சீசன்னு ஆத்தா கூட பட்டாசு மருந்து வேலைக்குப் போன இடத்துல கை வெந்துருச்சு. கட்டுத்துணி புண்ணுல ஒட்டிக்கிடக்கும். பிய்க்கையில உசுரு போகும். கதை கேட்டாத்தான் கையைக் குடுக்கும்.”

“அதுக்கு நம்ம வேதத்துல கதை இல்லையா? தாவீது கோலியாத்தைச் சொல்றது!”

“தாவீது, யோனா, நோவா, சிங்கக் கெபியில தானியேல், அம்புட்டும் சொல்லியாச்சு. ஒரு மாசமா தெனம் கட்டு மாத்துறோம்ங்க. எங்கிட்டக் கதை தீந்துபோச்சு. நேத்து அந்தப் புஸ்தகத்துல ஒரு கதையில பாதி வாசிச்சேன். மிச்சம் இன்னைக்குன்னு வாக்குக் குடுத்துருக்கேன்.”

“மிச்சத்தை நீயே சொல்லேன்.”

“நான் அதுக்கு மேல படிக்கலையே!”

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். ஜெபராணி ஓடினாள். வாத்தியார் தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்றார். திரும்பிப் போகவும் மனமில்லை, உள்ளே நுழையவும் கால் வரவில்லை.

“நர்சம்மா, பானைக்குள்ள என்ன இருந்துச்சு?” என்று கேட்டது ராக்காயியின் குரல்.

“வந்து... பானைக்குள்ள தங்கக்காசு இருந்துச்சு.”

“பொய்! நீங்க வாசிக்கவே இல்ல. புஸ்தகம் எங்க?”

“கையை நீட்டு கண்ணு, நாளைக்கு...”

“மாட்டேன்! ஆத்தா!”

அந்த அலறலில் சுகிர்தம் காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் ஓர் அலறல். வாத்தியார் தூக்குச்சட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலருகே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“தங்கக்காசு இல்ல, தாயி. அந்த ஒத்தைக்கண்ணன் ஊர்ச் சத்தத்தையெல்லாம் களவாண்டு பானைக்குள்ள மூடி வச்சிருந்தான்ல? கூடைக்காரி மக மூடியைத் தெறந்தா. மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? நாட்டாமையோட தும்மல்!”

ராக்காயி விசும்பலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“பெறகு?”

“பெறகு எருமை கத்துச்சு. மாமியா மருமகளை வஞ்சா. கோயில் மணி அடிச்சது. மந்திரவாதி என்ன பண்ணான், மண்டையோட்டைத் தூக்கிட்டு ஓடியாந்தான், ‘ஆரு எம் பானையைத் தொட்டது’ன்னு...”

வாத்தியார் மந்திரவாதியாகவே இளித்தார். ஒற்றைக் கண்ணை மூடினார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் படுத்துக் கேட்டார்கள். ராக்காயி இரண்டு முறை பல்லைக் கடித்தாள், ஒரு முறை சிரித்தாள். ஜெபராணியின் கை வேலையை விடவில்லை. ஊர்ச் சத்தமெல்லாம் ஊருக்குத் திரும்பி, மந்திரவாதி ஊமையாகி ஓடிப்போனபோது புதுக் கட்டும் போட்டு முடிந்திருந்தது.

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் சுகிர்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, ஒரு வரிகூடப் படிக்கலைன்னு சொன்னீங்க?”

வாத்தியார் குனிந்து தூக்குச்சட்டியை எடுத்தார்.

“கடைசிப் பக்கம் மட்டுந்தான் படிக்கலை, தாயி. நீ குடத்தோட வர்ற சத்தம் கேட்டுச்சு. பயந்து போயி அடுப்புல போட்டுட்டேன்.”