ஆஸம்

அவர் அந்த இம்பெல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்; நேற்று சரி என்று அவர் எடுத்து வைத்த அதே இம்பெல்லர். அவர் போட்ட பென்சில் குறியைக் காணோம். யாரோ அரம் போட்டு ராவி, தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

தட்டில் இருந்த அத்தனையும் அப்படித்தான்.

அளந்து பார்த்தார். நல்லவேளை, அளவு கெடவில்லை.

ஜெர்மனியிலிருந்து கோயம்புத்தூருக்குச் சரக்கு சோதிக்க வந்து இன்றோடு மூன்று நாள். மனுஷன் வாயே திறக்கவில்லை. அவர் ஊர் வழக்கம் அது. குறை இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் பேசாமல் அடுத்ததை எடுப்பார்கள். மகன் வீடு கட்டி அழைத்தபோதும், அறை அறையாகப் பார்த்துவிட்டு, பேசாமல் காபி குடித்துவிட்டு வந்தவர்.

எதிரே சூப்பர்வைசர் பூங்கோதை நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அவளுக்கும் அவளுக்குக் கீழே இருக்கும் பதினான்கு பெண்களுக்கும் வேலை இல்லை. அவருடைய பேசாத மூஞ்சியைப் பார்த்து, ஒன்றும் தேறாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து ராவியிருக்கிறார்கள்.

அவருக்கு மெல்ல விளங்கியது.

அடப்பாவமே.

வெளியே போய் டிரைவர் மயில்சாமியிடம் கேட்டார். நல்ல வேலைக்கு இங்கே என்ன சொல்வீர்கள்?

'குட்' பத்தாது என்றார் மயில்சாமி. தன் மகள் எதற்கெடுத்தாலும் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலையும் உயர்த்தச் சொன்னார்.

விரலெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். காருக்குள் உட்கார்ந்து நான்கு முறை சொல்லிப் பார்த்தார். அவர் ஊரில் இப்படிப் பேசினால், குடித்திருக்கிறாயா என்று கேட்பார்கள்.

உள்ளே வந்து இம்பெல்லரைக் கையில் எடுத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"ஆஸம்."

பெண்கள் ராவிக்கொண்டிருந்த அரச் சத்தம் நின்றது.

கட்டைவிரல் தானாகவே உயர்ந்திருந்தது.

பூங்கோதை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இத மொத நாளே சொல்லியிருந்தா என்னங்க? மூணு நாளா சோறு எறங்கலீங்க!"

அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது.

மதியம் மகனுக்குப் போன் போட்டார்.

"உன் வீட்டைப் பற்றி..." என்று ஆரம்பித்தார்.

"எங்கேப்பா விரிசல்?" என்றான் மகன்.