கைண்டலின் மூன்றாவது துளை

பேராசிரியர் ட்ராட்னருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய ஓபோவின் அகன்ற அடிவாயில் இருந்த அந்தச் சின்னத் துளையைச் சுண்டுவிரலால் தடவும்போதெல்லாம் அவருக்கு இப்படித்தான் ஆகும்.

சீவாளி வைத்து ஊதும் அந்த மரக்குழலை முந்நூறு வருடங்களுக்கு முன்பு இதே பவேரியக் கிராமத்தில் கடைந்தவர் யோஸ்ட் கைண்டல். இன்றைக்கு அது பீர்க்கடைக்காரர் கோர்பினியனின் சொத்து. கடையை விட்டு வெளியே தர மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், பேராசிரியர் மூக்கைச் சுளித்துக்கொண்டு இங்கே வந்து உட்கார வேண்டியிருந்தது.

சுவரைப் பார்க்கவே அவருக்குக் குமட்டியது. மாவு உருட்டும் கட்டை, மரக்கரண்டி, ரொட்டிப் பலகை, உடைந்த பனிச்சறுக்குக் கட்டை என்று கண்டதையும் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஓர் ஆணி காலியாக இருந்தது. அதற்கும் ஏதாவது குப்பை கிடைக்காமலா போகும் என்று நினைத்துக்கொண்டார்.

எதிரே ஓபோ செய்யும் இளம்பெண் இல்கா, தான் செய்த நகலோடு உட்கார்ந்திருந்தாள். தலைநகர இசைக்குழு கைண்டல் ஓபோவைப் போலவே ஆறு கேட்டிருந்தது. பேராசிரியர் தலையசைத்தால் ஆர்டர் அவளுக்கு. இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அவள் ஊதினாள். மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். பேராசிரியர் காதைக் குடைந்துகொண்டார்.

"ஏம்மா, அடிவாயில எல்லா ஓபோ மாதிரி ரெண்டு துளைதான் இருக்கு. கைண்டலோட மூணாவது துளை எங்க?"

"அடைச்சும் திறந்தும் ஊதிப் பார்த்தேன் சார். சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. அதான் விட்டுட்டேன்."

"உன் காதுக்குத் தெரியலேன்னா அதுக்கு கைண்டல் என்ன பண்ணுவாரு?" பேராசிரியர் சிரித்தார். "நேரா போடாம இடப்பக்கமா சாய்ச்சிருக்காரு பாரு. அந்தச் சாய்வுலதான் அந்த மனுஷனோட உயிரே இருக்கு. அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கேன். இன்னைக்கு ஐரோப்பா முழுக்க ஓபோ செய்யறவன் எல்லாம் அதே சாய்வுல துளை போடறான். உனக்கு மட்டும் வேண்டாமாக்கும்."

"தேவையில்லாத ஓட்டைய எதுக்கு சார் போடணும்?"

"நீ கரண்டி செதுக்கப் போ. இந்தச் சுவத்துல மாட்டிக்குவாங்க."

அவள் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, இசைக்குழு மேலாளருக்கு அங்கேயே போன் செய்தார். மணி அடித்துக்கொண்டிருந்தபோது கோர்பினியன் மேசை துடைக்க வந்தார்.

"பார்த்து முடிச்சாச்சா ப்ரொபசர்? எடுத்து வச்சிடவா?"

"ஜாக்கிரதை. நகரக் கண்காட்சியில பட்டுத்துணி மேல முதல்முதலா பார்த்தேன், அன்னைக்கே கோயில் விக்கிரகம் மாதிரி இருந்துச்சு."

"அங்க போயிட்டு வந்ததுலேர்ந்து பெட்டிக்குள்ளயே கெடக்கு. சுவரு மொட்டையா இருக்குன்னு வீட்டுக்காரி தினம் முணுமுணுக்கறா." கோர்பினியன் ஓபோவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனார்.

போனில் மேலாளர் வந்துவிட்டார். "சொல்லுங்க ப்ரொபசர். அந்தப் பொண்ணு செஞ்சதுல கைண்டல் துளை இருக்கா, இல்லையா?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். அதற்குள் கோர்பினியன் ஓபோவைத் தலைகீழாகத் திருப்பி, அடிவாய்த் துளையைக் காலி ஆணியில் கச்சிதமாக நுழைத்து மாட்டிவிட்டார். அது இடப்பக்கம் சாய்ந்து தொங்கியது. இல்கா அதையும் பார்த்தாள், பேராசிரியரையும் பார்த்தாள்.

இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்த கோர்பினியன், கடை முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டார்.

"இந்த ஓட்டைய போட்ட அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் ஏறிப்போச்சு, அதான் கோணிக்கிச்சு."