வந்த நேரம்

"இந்தத் தப்பு மனுசன் செஞ்சதில்ல சார். இந்தக் கம்ப்யூட்டர் ஃபார்ம் செஞ்சது. வந்து உங்க கண்ணால பாருங்க!"

ஜெமிமா போட்ட சத்தத்தில் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் அந்தக் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. மேனேஜர் பர்னபாஸ் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பதினாறு வருடமாக ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஜெமிமா இப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை. அவள் பக்கத்தில், தோளில் பையோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான்.

"இவரு யாரு?"

"ஷாம். சனிக்கிழமை டேட்டாபேஸ் கிளாஸுக்குப் போறேன்லா, அங்கன சொல்லிக்குடுக்கவரு. கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"சுந்தரராஜ் அண்ணாச்சிய வேலையை விட்டு அனுப்பினீங்கள்லா, அதுக்கு."

பர்னபாஸின் முகம் சுருங்கியது. "அது முடிஞ்சுபோன விசயம். பழச கிளறாதீங்க ஜெமிமா. உங்களுக்குத்தான் நல்லதில்ல."

"எனக்கு நல்லது தேடியா வந்திருக்கேன்?"

மிரட்டுகிறாரோ என்று ஷாமுக்கு எரிச்சல் வந்தது. ஸ்கூட்டரில் வரும்போதே ஜெமிமா அவனிடம் நடந்ததைச் சொல்லியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் குளிர்பதனக் கன்டெய்னர் ஒன்றில் வந்த இறால் கெட்டுப்போனது. "காலையில் பதினொரு மணிக்கு வந்தது, உடனே கரண்ட் கொடுத்துவிட்டேன், குளிர்பதன மெஷினில்தான் கோளாறு" என்றார் கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் யார்டின் கிளார்க் சுந்தரராஜ். ஆனால் அவர் பெயரில் இருந்த பதிவில், வந்த நேரம் மாலை ஆறு நாற்பது. காலையில் வந்ததைப் பகல் முழுக்க வெயிலில் போட்டுவிட்டு, சாயங்காலம்தான் பதிந்து கரண்ட் கொடுத்திருக்கிறார், இப்போது பொய் சொல்கிறார் என்று புகார் போனது. அன்றோடு இருபத்திரண்டு வருட வேலை போயிற்று.

ஷாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பதிவுகளை முதலில் காப்பி எடுத்துக்கொண்டான்.

"சார், இந்த ஃபார்ம்ல இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈவென்ட்னு சிலது உண்டு. கர்சர் கட்டத்துக்குள்ள வாரது ஒரு ஈவென்ட். உள்ள இருக்கிறத மாத்துறது ஒண்ணு. கட்டத்த விட்டு வெளிய போறது இன்னொண்ணு. எது நடந்தா என்ன செய்யணும்னு முன்கூட்டியே எழுதி வச்சிரலாம். இப்பப் பாருங்க."

பட்டியலில் போன மாதப் பதிவு ஒன்றைக் காட்டினான். வந்த நேரம் காலை ஒன்பதே கால். அந்தப் பதிவைத் திறந்தான். கர்சர் தானாகவே முதல் கட்டமான 'வந்த நேரம்' என்பதில் போய் நின்றது. அங்கே இப்போது பத்து ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

பர்னபாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்திரண்டு.

"நான் ஒரு எழுத்துகூட அடிக்கலை சார். கர்சர் உள்ள வந்தா அந்த நிமிசத்து நேரத்தைப் போடுன்னு எழுதி வச்சிருக்காங்க. புதுப் பதிவா, பழசான்னு பாக்கச் சொல்லலை. மூடினதும் அதுவே சேவ் ஆயிரும். பதிஞ்சவரோட பேரு மட்டும் மாறாது."

"அப்ப... சும்மா திறந்து பாத்தாலே போதுமா?"

"போதும்."

"கேட்டீங்களா?" ஜெமிமா மேஜையில் ஓங்கித் தட்டினாள். "அந்த மனுசன் பைபிள்ல கை வச்சுச் சொன்னாரே, யாரு நம்பினா? இன்னைக்குத் திருச்செந்தூர் லாட்ஜுல சாவி எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்காரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல அவரு பெஞ்சுல யாரும் உக்கார மாட்டேங்காங்க. அவரு மக சம்பந்தம் பேச்சோட நின்னு போச்சு. அவர ஒரு வார்த்தை கேக்காம புகார் எழுதிக் குடுத்த கைக்கு என்ன தண்டனை சார்?"

"விடுங்க ஜெமிமா..."

"என்னத்த விடச் சொல்லுதீங்க? அவர மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்க. அவரு மேல தப்பில்லன்னு எழுதி, எல்லாரும் படிக்கிற மாதிரி போர்டுல ஒட்டுங்க. அதுவரைக்கும் நான் இங்கனயிருந்து நகர மாட்டேன்."

"சரி. இப்பவே லெட்டர் அடிக்கச் சொல்லுதேன். நானே போயி அவர்ட்ட குடுக்கேன்" என்றார் பர்னபாஸ்.

ஷாமுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. "லெட்டர் மட்டும் போதாது சார். அண்ணாச்சி பதினொண்ணுன்னு சரியாத்தான் பதிஞ்சிருக்காரு. அன்னைக்குச் சாயங்காலம் ஆறு நாப்பதுக்கு யாரோ அதைத் திறந்து பாத்திருக்காங்க. அந்த ஆளையும் அவர்ட்ட மன்னிப்புக் கேக்க வைக்கணும். யாரு சார் அது?"

பர்னபாஸ் லெட்டர் அடிக்கச் சொல்ல உள்ளே திரும்பினார்.

"மேனேஜர் சொல்ல மாட்டாரு தம்பி," என்றாள் ஜெமிமா. "அன்னைக்கு அதைத் திறந்ததும் நான்தான், அந்த நேரத்தைப் பாத்துட்டுப் புகார் எழுதிக் குடுத்ததும் நான்தான்."