பின்னால் வரும் வண்டி

தூரத்தில் மூன்று விளக்குகள் தெரிந்தன.

அவர் இடது கையைத் தூக்கினார். ஒரு விரல்.

எதிரே வந்த மூன்று பனிவண்டிகளும் தடத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றன. அவர் கடந்து போனார்.

கொஞ்சத் தூரம் போன பிறகுதான் தன் கையைப் பார்த்தார். விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

பின்னால் யாரும் இல்லை.

என்ன செய்வது. கை அதற்குப் பழகிவிட்டது.

உறைந்த ஏரியில் பனிவண்டி ஓட்டுகிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். முன்னால் போகிறவர், தனக்குப் பின்னால் எத்தனை வண்டியோ அத்தனை விரல் காட்டுவார். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் விரித்த கை. கடைசியாக வருகிறவர் முஷ்டியை மூடிக் காட்டுவார். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, இனி நீங்கள் போகலாம் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் அவர் விரித்த கைதான் காட்டினார்.

அப்போது பெலூகா என்ற பனிவண்டிக்கு மூன்று ஷிஃப்ட் வேலை. மஞ்சள் மூடி, கறுப்பு இருக்கை. கனடாவின் வடக்கில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு, பனியையே கண்டிராத ஏழு யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் அவர் எஞ்சினுக்குப் பெல்ட் மாட்டினார். பக்கத்தில் நின்று வன்னியசிங்கம் மூடி பூட்டினான். இரண்டு வருடத்தில் ஏழு பேரும் ஆளுக்கொரு பெலூகா வாங்கிவிட்டார்கள். ஊரில் சைக்கிளுக்கே தம்பியோடு சண்டை பிடித்தவர்கள்.

பெப்ரவரி கடைசி ஞாயிறு ஏரியைக் கடப்பது. அக்கரைக் குடிசையில் தேநீர் குடிப்பது. திரும்புவது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் எஞ்சின்கள் சூடேறி நடுவழியில் நின்றன. அடுத்த குளிர்காலம் ஒரே ஷிஃப்ட். அதற்கடுத்து ஒரு பெரிய கம்பனி வந்து, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டியது.

இப்போது கடையில் காய்ந்த இலை ஊதுகிற மெஷினில் பெலூகா என்று எழுதியிருக்கிறது.

உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. ஒன்றைப் பிரித்து மற்றவற்றுக்குப் போட்டார்கள். ஏழு ஐந்தானது. ஐந்து மூன்றானது. அவர் உட்கார்ந்திருப்பது, ஏழு பேரில் ஒருவனான தவராசாவின் வண்டியில் கழற்றிய இருக்கையில்.

கடைசி எட்டு வருடம் இரண்டே பேர். அவர் முன்னால். வன்னியசிங்கம் பின்னால்.

வன்னியசிங்கம் புரட்டாதியில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவரின்ர வண்டிப் பெல்ட்டையாவது எடுங்கோ அண்ணை என்று அவன் மனைவி சொன்னாள். அதுதான் இன்றைக்கு இந்த வண்டியில் ஓடுகிறது.

இன்றைக்கு முஷ்டி காட்ட வேண்டும் என்று காலையில் எழும்பும்போதே நினைத்திருந்தார்.

பிளாஸ்க்கை நிரப்பும்போது அவருடைய மனைவி சொன்னாள்: "தொழிற்சாலை மூடி இருபது வருசமாச்சுது. நீங்கள் இன்னும் வேலைக்குப் போறியள்."

குடிசை வந்தது. வண்டியை நிறுத்திப் பையைத் திறந்தார்.

அவள் இரண்டு கப் வைத்திருந்தாள்.

அவற்றை வண்டியின் மூடி மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார். எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

அந்த மூன்று வண்டிகளும் போகவில்லை.

இரண்டாவது வண்டிக்காக ஓரத்தில் காத்திருந்திருக்கிறார்கள். அது வரவில்லை. இப்போது ஒன்று, அவர் வந்த தடத்திலேயே மெல்லத் தேடிக்கொண்டு போனது. இன்னொன்று தடத்தை விட்டு விலகி, ஆறு வந்து விழுகிற பக்கமாகப் போனது.

அங்கே பனிக்கட்டி கறுப்பாக இருக்கும். கறுப்பு என்றால் மெல்லியது. தெரிந்தவர்கள் போக மாட்டார்கள்.

மூன்றாவது வண்டி அவரிடம் வந்து நின்றது. ஒரு பெண். ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினாள். முகம் சிவந்திருந்தது. உங்கள் கூட்டாளி எங்கே, எந்த இடத்தில் அவரைக் கடைசியாகக் கண்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் அண்ணன் அந்தப் பக்கம் தேடப் போயிருக்கிறான் என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"பின்னால ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நான்தான் கடைசி."

நாற்பது வருடம் இங்கே இருந்தும் அது மட்டும் தமிழில்தான் வந்தது.

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பி ஆற்றுப் பக்கம் பார்த்தாள். அண்ணனின் வண்டி சின்னதாகிக்கொண்டே போனது.

அவர் கையுறையைக் கழற்றினார். கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கினார். சின்ன விரலில் தொடங்கி மடக்கினார். கட்டை விரலும் மடங்கிவிட்டது. சுட்டு விரல் மட்டும் நின்றது. அதை மற்றக் கையால் பிடித்து மடக்கினார்.

அவள் முஷ்டியைப் பார்த்தாள். பழைய மஞ்சள் மூடியைப் பார்த்தாள். அதன் மேலிருந்த இரண்டு கப்பையும் பார்த்தாள்.



வண்டியின் மேல் ஏறி நின்றாள். ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு, ஆற்றுப் பக்கம் பார்த்து முஷ்டியை உயர்த்தினாள்.

தூரத்து வண்டி கொஞ்சம் ஓடியது.

இன்னும் கொஞ்சம் ஓடியது.

நின்றது. திரும்பியது.

அவர் பனியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது மெல்லத்தான் ஓட்டினார். அந்தப் பெல்ட்டுக்கு அவ்வளவுதான் முடியும். புது வண்டிகள் நினைத்திருந்தால் முந்திப் போயிருக்கலாம். முந்தவில்லை. மூன்றும் வரிசையாகப் பின்னால் வந்தன. அவர் யாரையும் வரச் சொல்லவில்லை.

வளைவில் எதிரே ஒரு விளக்கு.

இடது கையைத் தூக்கினார். மூடிய கை.

பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

குளிரில் விறைத்த விரல்களில் ஒன்று விரிந்தது.

மற்ற இரண்டு விரல்களும் விரியக் காத்திருந்தார்.