ஸ்டெப்னிக்கு ஒரு வெள்ளைப் பட்டை

கப்பல் மாதிரி நீளமான தன் பழைய காருக்கு வெள்ளைப் பட்டை போட்ட டயர் தேடி ஆரோக்கியநாதன் ஊரெல்லாம் அலைந்தார். கேட்ட விலையில் தலை சுற்றியது. கடைசியில் சாதாரண டயர் ஐந்து வாங்கி, நாலுக்கு மட்டும் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். ஐந்தாவது டயர் ஸ்டெப்னியாக, கறுப்பாகவே டிக்கிக்குள் போனது.

அதற்கு வயிறு எரிந்தது. ஒரே கடையில் ஒன்றாக அடுக்கிக் கிடந்தவர்கள்! பழைய கார் கண்காட்சிக்குக் கிளம்பும்போது, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்கூட அந்த நாலுக்குத்தான்.

"என்னப்பா, உள்ளே சௌக்கியமா?" என்றது முன் டயர்.

"பெயிண்ட் அடிச்ச மூஞ்சிக்கு இவ்வளவு திமிரா? ஆணி குத்தினாத்தான் நீ அடங்குவே!" என்றது ஸ்டெப்னி.

பாதி வழியில் முன் டயரில் அப்படியே ஆணி குத்தியது. மூன்று வெள்ளை, ஒரு கறுப்போடு போய் நிற்க முடியுமா? ஸ்டெப்னியை மாட்டிய ஆரோக்கியநாதன், டிக்கியில் கிடந்த மிச்சப் பெயிண்டை அதற்கும் பூசினார். ஸ்டெப்னிக்குத் தலைகால் புரியவில்லை.

பெயிண்ட் காய்வதற்குள் அடுத்த தெருவில் சேறும் சாணியும் அதன் முகமெல்லாம் அப்பின. டிக்கிக்குள்ளிருந்து பஞ்சரான டயரின் குறட்டை கேட்டது.

ஸ்டெப்னி பொருமியது: "அவனுக்கென்ன, வெள்ளை கலையாம சொகுசாப் படுத்திருக்கான்!"